வேலையை விட்டபின் ஜன்னல் துடைக்கும் தொழில்: தோட்டப்புற நகரத்தில் தொடங்குவோருக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராயில் ஒரு முடிதிருத்தும் கடையின் முகப்புக் கண்ணாடிதான் நான் கூலி வாங்கித் துடைத்த முதல் கண்ணாடி. நான்கு பலகை, ஒரு கதவு, ஐம்பது நிமிடம். கடைக்கார அண்ணன் பத்து வெள்ளியை (ரிங்கிட்டை) நீட்டிய நேரம் பார்த்துச் சூரியன் எதிர்வரிசைக் கூரையைத் தாண்டி நேராகக் கண்ணாடியில் அடித்தது. நான் இழுத்த ஒவ்வோர் இழுப்பும் உழுத வயல் போல வரிவரியாகத் தெரிந்தது. "பரவாயில்லை தங்கச்சி, முன்பு இருந்ததற்கு இது மேல்" என்றார். அந்தப் "பரவாயில்லை" என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. இன்று அதே கடை எனக்குப் பன்னிரண்டு நிமிட வேலை.

அதற்கு முன் 17 ஆண்டுகள் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளில் தூசியும் கீறலும் தேடுவது வேலை. ஆட்குறைப்புப் பேச்சு வந்தபோது, விருப்ப விலகல் திட்டத்தில் கையெழுத்திட்டு வெளியே வந்தேன். வயது 43. வேறு தொழிற்சாலைகளில் விண்ணப்பம் கொடுத்தேன். அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிடும்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். அவருக்கென்று ஒரு நிரை உண்டு. இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரை. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே மரங்கள். எதில் பால் அதிகம், எதன் அடியில் எறும்புப் புற்று என்பதெல்லாம் இருட்டிலும் அவருக்குத் தெரியும். ஜன்னல் துடைப்பதும் நிரை பிடிப்பதுதான் என்று எனக்குப் புரிய நான்கு மாதம் ஆயிற்று. தினமும் புது வாடிக்கையாளரைத் தேடி அலைகிறவர் சீக்கிரம் களைத்துவிடுவார். அதே கண்ணாடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பிப் போகிறவர் வீட்டில்தான் அடுப்பு எரியும். கீழே எழுதியிருப்பவற்றைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடும்போது கவனிக்க வேண்டியவை

ஆட்குறைப்பு என்றால், நீங்களாக ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "கடிதம் கொடுத்தால் உங்களுக்குத்தான் மரியாதை" என்று யாராவது தேன் தடவிச் சொல்லலாம். தானாக விலகியவருக்கு வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவி கிடைக்காது. ஆட்குறைப்பில் போனவருக்கும் விருப்ப விலகல் திட்டத்தில் போனவருக்கும் உண்டு. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதங்களுக்கு 40, கடைசி இரண்டு மாதங்களுக்கு 30 என்று இறங்கிக்கொண்டே வரும். எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தது. பெயரே சொல்கிறது, இது வேலை தேடுவோருக்கான தொகை. தொழில் தொடங்கி வருமானம் வர ஆரம்பித்ததும் அதை அலுவலகத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆட்குறைப்பு இழப்பீடும் 1980-ஆம் ஆண்டு விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு அதன்பின் பேனாவை எடுங்கள்.

கையில் வரும் பணத்தில் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். வேன் வாங்காதீர்கள். 2024 மே மாதம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் நெகிழ்வுக் கணக்கு என்று மூன்றாவது கணக்கு வந்தது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் எல்லாருக்கும் கை அரிக்கிறது. இந்தத் தொழிலுக்கு அதைத் தொடத் தேவையே இல்லை. இந்தியத் தொழில்முனைவோருக்கு, சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் வழியாக ஸ்பூமி கடன் இருக்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் முந்நூறு ரிங்கிட்டில் தொடங்கும் தொழிலுக்குக் கடன் எதற்கு? ஆ லோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். தோட்டத்துப் பழக்கத்தில் கூட்டு (சீட்டு) பிடித்து முதல் திரட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: கூட்டு நடத்துவதை இந்த நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய "கூட்டு" என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

என்ன வாங்குவது

நான் வாங்கியதை வாங்கிய விலையோடு சொல்கிறேன். கண்ணாடியில் நீரை ரப்பர் விளிம்பால் வழித்தெடுக்கும் ஸ்குவீஜி, 35 சென்டிமீட்டர், 45 ரிங்கிட். 15 சென்டிமீட்டர் ஸ்குவீஜி 25. கண்ணாடியை நனைப்பதற்குப் பஞ்சுத்துணி உறை மாட்டிய டி வடிவக் கட்டை 35. மூன்று மீட்டர் வரை நீளும் கம்பு 90. பிளேடு சுரண்டி 20. ஒரு டசன் மைக்ரோஃபைபர் துணி 36. செவ்வக வாளி 25. மாற்று ரப்பர் 20. இடுப்பில் கட்டும் பை 15. மொத்தம் 311 ரிங்கிட். பாத்திரம் கழுவும் திரவம் சமையலறையிலேயே இருந்தது. வண்டி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய மோட்டார் சைக்கிள். பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டினேன்.

ஸ்குவீஜியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து வெள்ளிக் கடையில் கார் கண்ணாடிக்கு விற்கும் வைப்பரை வாங்கிவிட்டுத் தனக்குக் கை வரவில்லை என்று தொழிலை விட்டவர்கள் உண்டு. ஒற்றை ரப்பர் மாட்டிய இலேசான பித்தளை ஸ்குவீஜிக்கு எத்தோரே ஸ்தெக்கோனே என்ற இத்தாலியர் அமெரிக்காவில் 1936-இல் காப்புரிமை வாங்கினார். இன்று வரை பெரிய மாற்றம் இல்லை. மாற்றம் தேவைப்படவில்லை என்பதுதான் காரணம். எல்லாச் சூட்சுமமும் அந்த ரப்பரின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பு கத்தி போலக் கூர்மையாக, பல் விழாமல் இருக்க வேண்டும். ரப்பர் உலோகச் சட்டத்தின் இரண்டு முனையிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் ஜன்னல் சட்டத்தில் இடித்து ஓரத்தில் நீர் நிற்கும். ஒரு விளிம்பு மழுங்கினால் கழற்றித் திருப்பிப் போடலாம். இரண்டும் மழுங்கினால் தூக்கிப்போட வேண்டியதுதான். நல்ல ரப்பர் இயற்கை ரப்பரில் செய்தது. நம் அம்மாமார்கள் வெட்டிய பால் எங்கெங்கோ போய், ஒரு சாண் ரப்பராகத் திரும்பி வந்து இருபது ரிங்கிட் கேட்கிறது.

துடைக்கும் முறை

முதல் வாரம் வேறு எங்கும் போகாமல் உங்கள் வீட்டு ஜன்னலிலேயே பழகுங்கள். பிறகு அக்கம்பக்கம், காசு வாங்காமல்.

வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர். பாத்திரத் திரவம் ஒரு சின்னப் பீய்ச்சல் போதும். நுரை பொங்க வேண்டும் என்று ஊற்றினால் கண்ணாடியில் படலம் நிற்கும். சவர்க்காரத்தின் வேலை அழுக்கை இளக்குவது பாதி, ரப்பரை வழுக்க விடுவது பாதி. ரப்பர் "கிறீச்" என்று கத்தினால் திரவம் போதவில்லை என்று அர்த்தம்.

கட்டையை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் தேயுங்கள். ஓரங்களை மறக்கக் கூடாது. சிலந்திக் கூடும் பல்லி எச்சமும் அங்கேதான். காய்ந்த பல்லி எச்சத்தை நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அரை நிமிடம் அதன்மேல் அழுத்தி வைத்தால் தானாக விட்டுவிடும்.

இனி இழுப்பு. காய்ந்த துணியால் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஸ்குவீஜியை அந்தக் காய்ந்த இடத்தில் வைத்துத்தான் இழுப்பைத் தொடங்க வேண்டும். ஈரத்தில் தொடங்கினால் மேலிருந்து நீர் வழிந்து, முடித்த இடத்தையும் கெடுக்கும். நான் முடிதிருத்தும் கடையில் செய்த முதல் தப்பு இதுதான். பிடியை இறுக்காமல், கண்ணாடிக்கு 30 முதல் 45 பாகைச் சாய்வில் ஒரே அழுத்தத்தோடு கீழே வரை நிறுத்தாமல் இழுங்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒரு கோடு. ஒவ்வோர் இழுப்புக்கும் பின் ரப்பரைத் துணியில் ஒருமுறை ஒற்றுங்கள். அடுத்த இழுப்பு முந்தியதன்மேல் நான்கைந்து சென்டிமீட்டர் ஏறி வர வேண்டும். கடைசியில் அடிச்சட்டத்தில் தேங்கிய நீரைத் துணியால் எடுங்கள். ஓரத்தில் மெல்லிய ஈரக்கோடு நின்றால் சும்மா விடுங்கள். அது தானாகக் காயும். தேய்க்கப் போனால் பஞ்சு ஒட்டும்.

என்ன செய்தாலும் ஒரே இடத்தில் முடி போன்ற ஒரு கோடு வந்துகொண்டே இருந்தால் தவறு உங்கள் கையில் இல்லை. ரப்பரில் ஒரு பல் விழுந்திருக்கும். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் மெல்ல ஓட்டிப் பாருங்கள், தட்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூடான கண்ணாடியில் சவர்க்கார நீர் நீங்கள் இழுப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். ஆகவே வெயில் விழாத பக்கத்தில் வேலை செய்ய வேண்டும். காலையில் மேற்குப் பார்த்த கண்ணாடி, பிற்பகலில் கிழக்குப் பார்த்த கண்ணாடி. கடைத்தெருவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. விடிகாலையில் குளுமையாகப் போய்த் துடைத்துவிடலாம் என்று கிளம்பினால் எதிரே கண்ணாடி இருக்காது, இரும்பு ஷட்டர்தான் இருக்கும். கடை திறப்பது பத்து மணிக்கு, அப்போது கிழக்குப் பார்த்த வரிசையில் வெயில் சுடும். அதனால் நான் மேற்குப் பார்த்த வரிசையைப் பத்து மணிக்கும் கிழக்குப் பார்த்த வரிசையை ஒரு மணிக்கு மேலும் வைத்திருக்கிறேன். விடிகாலை நேரத்தை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். அதில் கரைந்திருக்கும் தாது உப்புகளே காரணம். வெளிநாட்டில் உப்பு நீக்கிய தண்ணீரை நீண்ட கம்பு வழியாகப் பீய்ச்சி, தூரிகையால் தேய்த்துவிட்டு, துடைக்காமல் காய விடுகிறார்கள். நாங்கள் தொழிற்சாலையில் சில்லு கழுவிய தண்ணீரும் அதே வகைதான். அந்தக் கருவியை முதல் ஆண்டிலேயே வாங்காதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள். கம்பும் ஸ்குவீஜியும் போதும்.

கிரில், நாக்கோ, செம்மண்

வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லித் தராத பாடம் இது. நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் ஜன்னலுக்கு உட்புறம் திருட்டுப் பயத்துக்குக் கிரில் அடித்திருப்பார்கள். உள்பக்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டுமென்றால் கம்பிகளுக்கு நடுவே கையை விட வேண்டும். அதற்குத்தான் அந்த 15 சென்டிமீட்டர் ஸ்குவீஜி. கிரில் பூட்டுச் சாவி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். "எங்கேயோ இருக்கிறது, தேடணும்" என்று பதில் வந்தால், கிரில்லைத் துடைத்துவிட்டுத்தான் கண்ணாடிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கம்பித் தூசி முழுக்க உங்கள் முழங்கையில் இறங்கி, அங்கிருந்து கண்ணாடிக்கு ஏறும். தள்ளு ஜன்னலாக இருந்தால் பாதி வெளிக்கண்ணாடியை உள்ளிருந்தே எட்டிவிடலாம்.

நாக்கோ ஜன்னல் தனி உலகம். சமையலறையிலும் குளியலறையிலும் பலகை பலகையாகத் திருப்பும் கண்ணாடி. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பசை போல ஒட்டியிருக்கும். ஸ்குவீஜிக்கு அங்கே வேலை இல்லை. பலகைகளைப் படுக்கையாகத் திருப்பி, இரண்டு கையிலும் ஈரத்துணி, மேலும் கீழுமாகப் பிடித்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும், மேல் பலகையிலிருந்து கீழாக. பலகையின் நுனி பல பழைய வீடுகளில் மழுக்கப்படாமல் இருக்கும், விரலைக் கிழிக்கும். அலுமினியப் பிடி பழசாகி நொறுங்கியிருந்தால் தொட்டவுடன் பலகை கழன்று விழும். வேலை தொடங்குவதற்கு முன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, ஆடும் பலகைகளைத் தொட்டுக் காட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒரு பலகைக்கு நான் காசு கட்டியிருக்கிறேன்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓடும் சாலையோர வீடுகளில் கண்ணாடி செம்மண் பூசியிருக்கும். அதை நேரே தேய்க்கக் கூடாது. மணல் உப்புத்தாள் மாதிரி, கண்ணாடியைக் கீறிவிடும். நிறையத் தண்ணீர் விட்டு வழியவிட்டு, அதன்பிறகுதான் கட்டை. சட்டத்தின் தடத்தில் சேர்ந்த மண்ணைப் பழைய பல் துலக்கும் தூரிகையால் கிளறி எடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தடத்தைத் துடைத்ததற்குத்தான் எனக்கு அதிகப் பாராட்டுக் கிடைத்திருக்கிறது, கண்ணாடிக்கு இல்லை.

தொடக் கூடாதவை

வெயிலை மறைக்கும் கருமைத் தாள் ஒட்டிய கண்ணாடியில் பிளேடு வைக்காதீர்கள். ஒரு டியூஷன் மையத்தில் உள்பக்கம் பிசின்நாடாத் தடத்தைச் சுரண்டப் போய், ஒட்டியிருந்த கருமைத் தாளை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தேன். 180 ரிங்கிட் தண்டம். அம்மோனியா கலந்த திரவமும் அந்தத் தாளைக் கெடுக்கும். தாள் எந்தப் பக்கம் ஒட்டியது என்று தெரியாவிட்டால் மூலையைப் பாருங்கள். தாளின் விளிம்பு கண்ணாடி விளிம்பைவிட ஒரு மயிரிழை உள்ளே நிற்கும்.

புது வீட்டில் பெயின்ட் துளியும் சிமெண்டும் ஒட்டியிருக்கும். காசு நன்றாக வரும் வேலை, ஆபத்தும் அங்கேதான். இறுக்கிப் பதப்படுத்திய கண்ணாடியில் சில வேளை உற்பத்தியின்போதே நுண்ணிய துகள்கள் ஒட்டி நிற்கும். பிளேடு அவற்றை இழுத்துக்கொண்டு போய்க் கீறல் போடும். முதலில் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு சுரண்டிப் பாருங்கள். பிளேடு எப்போதும் ஈரத்தில், முன்னோக்கி மட்டும். பின்னால் இழுக்கக் கூடாது. கழிவறை கழுவும் அமிலத்தைக் கொண்டு சிமெண்டைக் கரைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அலுமினியச் சட்டம் கறுத்துப்போகும்.

உயரம். நான் ஏணி எடுத்துப் போவதில்லை. மோட்டார் சைக்கிளில் எப்படி எடுத்துப் போவது? தரையில் நின்று கம்பால் எட்டாத கண்ணாடிக்கு "என்னால் முடியாது" என்று சொல்லிவிடுகிறேன். ஏணி வைப்பவர்கள் நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அடியைத் தள்ளி வைக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அடுக்குமாடி வெளிக்கண்ணாடியைத் துடைப்பது கயிற்றில் தொங்கப் பயிற்சி எடுத்தவர்களின் வேலை.

விலை சொல்வது

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். நம் ஆட்களுக்கு விலை சொல்ல வாய் வராது. "நீங்கள் பார்த்துக் கொடுங்கள் அக்கா" என்று சொன்ன நாளெல்லாம் நான் நஷ்டப்பட்ட நாள்.

முதலில் உங்கள் ஒரு நாளின் விலையைக் கண்டுபிடியுங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்துக்கு முதலாளி இபிஎஃப்-இல் 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் போடுகிறார். ஆக 1,921. அதை 26 நாளால் வகுத்தால் ஏறக்குறைய 74 ரிங்கிட். இதற்கு மேல் மருத்துவ விடுப்பும் பொது விடுமுறையும் தொழிற்சாலை கொடுத்தது. மழை நாளை இப்போது உங்கள் பையிலிருந்து கொடுக்க வேண்டும். பெட்ரோலும் உங்களுடையது. எனவே ஒரு முழு நாள் வேலைக்கு 120 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

கடைக்கு நிமிடம் ஒரு ரிங்கிட் என்ற கணக்கில் பேசுகிறேன். முடிதிருத்தும் கடை 12. ஒரு மாடித் தொடர்வீட்டுக்கு வெளியும் உள்ளும் சேர்த்து சராசரி 75. நாக்கோ சட்டம் ஒன்றை மூன்று சாதாரணக் கண்ணாடியாக எண்ணுங்கள், நேரம் அவ்வளவு பிடிக்கும். போனில் விலை சொல்லாதீர்கள். போய்ப் பார்த்து, எண்ணி, ஒரே விலை சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்கு நான் விலையைக் குறைப்பதில்லை. அதற்குப் பதில் வாசல் விளக்கையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்துவிடுகிறேன், சண்டை வருவதில்லை.

பத்தாம் மாதம் என் கணக்கு இப்படி இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகும் கடைகள் 31, சராசரி 12 ரிங்கிட், மாதத்துக்கு 806. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகும் வீடுகள் 26, அதாவது மாதம் 13 வீடு, 975. புது வீட்டு வேலை இரண்டு, 700. மொத்தம் 2,481. பெட்ரோல், துணி, ரப்பர், தொலைபேசிக்கு 260 போக 2,221. தொழிற்சாலையில் மிகைநேரம் செய்த மாதங்களில் இதைவிட அதிகம் வாங்கியிருக்கிறேன். ஆனால் இது மாதத்தில் 17, 18 நாள் உழைப்பு.

பதிவும் சந்தாவும்

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே முடித்துவிடலாம். வீட்டிலிருந்து நடத்துவதற்கு உரிமம் வேண்டுமா என்று உங்கள் நகராண்மைக் கழக முகப்பில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சொக்சோவில் சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. நான் சேர்ந்தபோது மிகக் குறைந்த தவணை மாதம் 13 ரிங்கிட் 10 சென். நாக்கோ ஒரு விரலை வெட்டினால்கூட இரண்டு வாரம் வருமானம் போய்விடும் தொழில் இது. இதில் சோம்பல் வேண்டாம். இபிஎஃப்-க்கும் மாதா மாதம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு போடுங்கள். ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால் அரசும் ஓர் அளவுக்குச் சேர்த்துப் போடும். வருமான வரிக்கு இனி நீங்கள் தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரத்தை ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். நான் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

நிரை பிடிப்பது

கடைத்தெருவில் ஒரே வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கூலிமில் ஒன்று, லூனாசில் ஒன்று, இங்கே ஒன்று என்று சிதறினால் பெட்ரோல்தான் தொழில் நடத்தும். ஒரு கடையை நன்றாகத் துடைத்துவிட்டால், பக்கத்துக் கடைக் கண்ணாடியின் அழுக்கு அன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். அவரிடம் அன்றே பேச வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அதே கடைக்கு மறுபடி வரும்போது பேசுங்கள். "இந்தப் பெண் திரும்பி வருகிறாள்" என்று பார்த்தபிறகுதான் தவுக்கேமார்கள் (கடை முதலாளிகள்) விலை கேட்பார்கள். மலாய் வாடிக்கையாளரிடம் "சூச்சி திங்காப்" (ஜன்னல் கழுவுவது) என்றால் போதும். மீதியைக் கண்ணாடி பேசிக்கொள்ளும். கைப்பேசியில் பணம் அனுப்புவதற்கான டூயிட்நவ் கியூஆர் கட்டத்தை அச்சிட்டு வாளியில் ஒட்டி வைத்திருக்கிறேன். "சில்லறை இல்லை, அடுத்த முறை தருகிறேன்" என்பது அத்தோடு குறைந்தது.

பெருநாள் காலங்களில் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2026-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, நோன்புப் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரம். இரண்டும் ஐந்து வாரத்துக்குள். தீபாவளி நவம்பர் 8, அதுவோ நம் பக்கம் மழை கொட்டும் காலம். அப்போது ஒருநாள் வேலைக்கு இருமடங்கு கொடுப்பவர்கள் வருவார்கள். ஒருமுறை அவர்களுக்காக நிரைக் கடைகளை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். மூன்று கடைக்காரர்கள் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். இப்போது பெருநாளிலும் நிரை முதலில், மிச்ச நேரம் மற்றவர்களுக்கு. மழை நாளிலும் கடைக்குப் போகிறேன். ஐந்தடி நடைபாதைக் கூரைக்குள் இருக்கும் கண்ணாடிக்கு மழை ஒன்றும் செய்யாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண், கண்ணாடி எண்ணிக்கை, நாக்கோ எத்தனை, ஆடும் பலகை எது, கிரில் சாவி யாரிடம், தண்ணீர்க் குழாய் எங்கே, நாய் உண்டா, விலை, கடைசியாகப் போன தேதி. அடுத்த தேதிக்கு ஒரு கட்டம் காலியாக விடுங்கள். வேலை முடிந்து காசு வாங்குவதற்கு முன், வாளி இன்னும் கையில் இருக்கும்போதே அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். "மறுபடி வேண்டுமா?" என்று கேட்டால் "சொல்லி அனுப்புகிறேன்" என்று பதில் வரும். நான் அப்படிக் கேட்பதில்லை. "எட்டு வாரம் கழித்துப் புதன்கிழமை காலை வரட்டுமா, வியாழக்கிழமை வரட்டுமா?" என்று கேட்கிறேன். போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சற்று யோசித்துவிட்டு, "புதன் வேண்டாம் அம்மா, புதன் எனக்கு ரத்த அழுத்த மருந்து வாங்கும் நாள். வியாழன் வா, எட்டு மணிக்கு மேல் வா, மணியை அடித்துவிட்டு நில், நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறக்கிறேன்" என்றார். அத்தனையையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டேன்.